பதினோரு மாத டாக்டர்

போன மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு ஃபிளக்ஸ் கட்டினார்கள். ஒரு பக்கம் பாபாசாகேப், இன்னொரு பக்கம் ஒண்டிவீரன், நடுவில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக எங்கள் தெருப் பொண்ணு. 'எங்கள் தெருவின் முதல் பெண் மருத்துவரை வாழ்த்துகிறோம்' என்று போட்டு, கீழே பதினெட்டுப் பையன்களின் பெயர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குள் போனவள். அந்த முதல் அணி, படிப்பை முடித்து வெளியே வருகிற காலம் இது.

ஃபிளக்ஸ் கட்டிய அன்றைக்கு ராத்திரியே என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, ஒங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்று செல்போனை நீட்டினாள். நகர்ப்புற நலவாழ்வு மையத்துக்கு மருத்துவ அலுவலர் தேவை என்ற அறிவிப்பு. மாதம் அறுபதாயிரம், தொகுப்பூதியம். "அம்மா சேரச் சொல்லுது. காலேஜ்ல ஒரு சாரு, சேராத, ஒரு வருஷம் வீட்ல ஒக்காந்து பி.ஜி.க்குப் படிங்கிறாரு. நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

அவள் நீட்டிய அந்த வேலையில்தான் நான் இருக்கிறேன். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடி எழுதியது. பெயர் போடாமல் எழுதுகிறேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற தேதி பக்கத்தில் இருக்கிறது. கோழைத்தனம் என்று தோழர்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். எம்.பி.பி.எஸ். படித்த ஒருவன் தன் பெயரைப் போட்டு நாலு பக்கம் எழுதப் பயப்படுகிற மாதிரி ஒரு வேலை இருக்கிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் சேரி முழிப்பது ஜீப் ஹாரன் சத்தத்தில். நாலரை, அஞ்சு மணிக்கெல்லாம் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று தெருத்தெருவாகப் பொம்பளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். குமுளி வழியாக, கம்பமெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலக்காட்டுக்கு. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை. எங்கம்மா முப்பது வருஷம் அந்த ஜீப்பில் போனவள். கங்காணி தலையை எண்ணுவான். நேற்று வந்தவள் என்பதால் இன்றைக்கு இடம் உண்டு என்று கிடையாது. காய் விலை இறங்கினால் ஆள் குறைப்பு. மழை பிடித்துக்கொண்டால் கூலி இல்லை. பிள்ளைத்தாச்சி என்றால் ஜீப் நிற்காது. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். 2012இல், பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கை நடந்த காலத்தில், அருந்ததியர் மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். 2009இல் போட்ட சட்டம் அது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். அந்த மூன்று சதவீதம் இல்லாவிட்டால் நானும் அந்த ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு போயிருப்பேன்.

2018இல் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு ஊருக்கு வந்ததும் ஒரு தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேர்ந்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை. ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். ஆர்டர் கிடையாது, வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. விஷம் குடித்து வருகிறவன், நெஞ்சுவலி என்று வருகிறவன், பிரசவ வலி என்று வருகிறவள், எல்லாம் ராத்திரியில்தான் வருவார்கள். காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்து ஃபீஸ் வாங்குவார்.

என்னோடு இன்னொரு பையனும் டூட்டி பார்த்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாக நர்சிங் ஹோம். 'கை பழகட்டும்' என்று ஆறு மாதம் விட்டிருந்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் சென்னைக்குக் கோச்சிங் போனான். ஒன்றரை வருஷம் வேலை இல்லாமல் படித்தான். இன்றைக்கு எலும்பு டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே டிகிரி, ஒரே ராத்திரி டூட்டி, ஒரே ஆயிரத்து ஐந்நூறு. அவன் அதை வாங்கிச் செல்போன் மாற்றினான். நான் அம்மாவின் தோட்டை நகைக்கடையிலிருந்து மீட்டேன். தற்காலிக வேலை டாக்டர்களுக்கு நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த ரெண்டு பேரையும் ஒரே ஆளாக வைத்துப் பேசுகிறார்கள். சாதியைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

அப்புறம் மினி கிளினிக் வந்தது. 2020 டிசம்பர் 14 அன்று அன்றைய முதல்வர் பழனிசாமி தொடங்கிவைத்தார். இரண்டாயிரம் கிளினிக் என்று அறிவிப்பு. டாக்டருக்கு அறுபதாயிரம். நான் சேர்ந்தேன். கொரோனா இரண்டாம் அலை அடித்தபோது கிளினிக்கில் மட்டுமா வேலை பார்த்தோம்? காய்ச்சல் முகாம், பரிசோதனை, தடுப்பூசி என்று எங்கே போகச் சொன்னார்களோ அங்கே போனோம். அந்த வருஷம்தான் அம்மா ஜீப்பில் ஏறுவதை நிறுத்தினாள். "எம்மகன் டாக்டரு, இனி நான் எதுக்கு மலைக்குப் போகணும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக விடிந்த பிறகு எழுந்தாள்.

ஆட்சி மாறியது. 2022 ஜனவரி 4 அன்று, அது ஒரு வருஷத்துக்கான தற்காலிகத் திட்டம்தான், முடிந்துவிட்டது என்று சுகாதாரத் துறை அமைச்சர் அறிவித்தார். 1,820 டாக்டர்களுக்கும் மார்ச் 31 வரைதான் வேலை. யார் செய்தது சரி என்ற கட்சிச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு கட்சி ஓட்டுக்கு முன்னால் திறந்தது, இன்னொரு கட்சி ஓட்டு முடிந்ததும் மூடியது. இரண்டு கட்சிக்கும் நாங்கள் ஒப்பந்தக்காரர்கள்தான். அந்த ஏப்ரலில் அம்மா மறுபடியும் ஜீப்பில் ஏறினாள். "சும்மா வீட்ல ஒக்காந்தா ஒடம்பு வலிக்குதுப்பா" என்றாள். பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2023 ஜூனில் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். மாநிலம் முழுக்க 708 என்று திட்டம். அதில் சேர்ந்தேன். டாக்டருக்கு அறுபதாயிரம், செவிலியருக்குப் பதினெட்டாயிரம், சுகாதார ஆய்வாளருக்குப் பதினாலாயிரம், உதவியாளருக்கு எட்டாயிரத்து ஐந்நூறு. பதினோரு மாத ஒப்பந்தம். 'இந்தப் பதவி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரம் கோர மாட்டேன்' என்ற பொருளில் நாமே விரும்பி எழுதிக்கொடுப்பதாக ஓர் ஒப்புதல் கடிதம். நாமே விரும்பி! பண்ணையாருக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்த தாத்தாவும் விரும்பித்தான் வைத்தார் என்று பத்திரத்தில் எழுதியிருக்கும்.

"அறுபதாயிரம் என்ன சின்னக் காசா தோழர்? பள்ளத்தாக்கில் எந்தச் சேரியில் இம்புட்டுச் சம்பளம் வாங்குறாய்ங்க?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் மையத்தில் கூட்டிப் பெருக்கி, சீட்டு எழுதி, குளிரூட்டியில் ஊசி மருந்தை எடுத்து வைக்கிற அக்கா எட்டாயிரத்து ஐந்நூறுதான் வாங்குகிறாள். அவளும் சேரிக்காரிதான். இந்தக் கட்டுரையை அவள் எழுதியிருந்தால் இதைவிடக் கோபமாக இருந்திருக்கும். ஆனாலும் அறுபதாயிரத்தை உரித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஏனென்றால் அடுத்து வருகிற பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நிரந்தரப் பணியில் சேரும் உதவி மருத்துவருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. மினி கிளினிக் தொடங்கிய 2020 டிசம்பரில் மாநில அரசு ஊழியருக்கு அகவிலைப்படி 17 சதவீதம். கூட்டினால் 65,637. எனக்கும் அவருக்கும் ஐயாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் 'பெரிய நஷ்டம் இல்லப்பா' என்று சேர்ந்தோம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம் ஆனது. அன்றைக்குப் புதிதாகச் சேர்கிற நிரந்தர டாக்டருக்கு 84,150. எனக்கு அதே அறுபதாயிரம். வித்தியாசம் இருபத்து நாலாயிரம். இதில் வருஷாந்திர ஊதிய உயர்வைச் சேர்க்கவில்லை, வீட்டு வாடகைப்படியைச் சேர்க்கவில்லை, ஓய்வூதியத்தைச் சேர்க்கவில்லை, மருத்துவக் காப்பீட்டைச் சேர்க்கவில்லை. பருப்பு விலை எனக்கும் ஏறியது, பஸ் செலவு எனக்கும் ஏறியது. கூலி மட்டும் ஏறவில்லை.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அது அறிவிப்பில் இல்லை. நலவாழ்வு மையத்தின் நேரம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நாலிலிருந்து எட்டு. கூலிக்குப் போகிற சனம் வேலை முடிந்து வரும்போது டாக்டர் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த நேரம். நல்ல ஏற்பாடு. மாலை ஆறு மணிக்கு மலையிலிருந்து இறங்கி வருகிற பொம்பளைகளை நான் அந்த நேரத்தில்தான் பார்க்கிறேன். மருந்தடித்த தோட்டத்தில் நின்று கண் எரிச்சலோடு வருவார்கள், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய் வருவார்கள், ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போய் வருவார்கள். ஆனால் மாலை ஐந்திலிருந்து எட்டுதான் எந்த டாக்டருக்கும் சொந்த கிளினிக் நேரம். நிரந்தர அரசு டாக்டர்கள் பணி நேரம் போக வெளியே பார்க்கலாம், பார்க்கிறார்கள். அதற்குக் கிடைக்கிற வருமானமும் பெயரும்தான் ஒரு டாக்டரை ஊரில் ஊன்ற வைப்பது. என்னுடைய மாலை விற்கப்பட்டுவிட்டது. அது விற்காமல் இருந்தாலும் என்ன? மெயின் பஜாரில் ஒரு ரூம் வாடகைக்குக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரர் முதலில் சந்தோஷமாகத்தான் பேசினார். அப்புறம், "தம்பி எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். "மச்சினன் கேட்டிருந்தான், மறந்தே போச்சு" என்றார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் மேற்படிப்பில். இதைத்தான் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு முதுநிலை மருத்துவப் படிப்பில் ஐம்பது சதவீத இடம் என்பது நெடுநாள் ஏற்பாடு. 2017இல் அது பறிபோனது. அரசு மருத்துவர் சங்கம் வழக்கு நடத்தி, 2020 ஆகஸ்ட் 31 அன்று, இப்படி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இந்த ஒதுக்கீட்டை யாரும் தலித் ஒதுக்கீடு என்று சொல்வதில்லை. ஆனால் ஒன்றரை வருஷம் வேலை பார்க்காமல் கோச்சிங்கில் உட்கார முடியாத பிள்ளைக்கு அதுதான் வழி. வேலையில் சேரு, சம்பளம் வாங்கு, கடனைக் கட்டு, ரெண்டு வருஷம் கழித்து ஒதுக்கீட்டில் படிக்கப் போ, படிக்கிறபோதும் சம்பளம் வரும். எனக்கு முந்தைய தலைமுறையில் சேரியிலிருந்து வந்த எத்தனையோ பேர் இப்படித்தான் சர்ஜன் ஆனார்கள், மகப்பேறு மருத்துவர் ஆனார்கள்.

அந்த வழி நிரந்தரப் பணியில் இருப்பவனுக்கு மட்டும்தான். நான் விண்ணப்பிக்கப் போனபோது என் ஒப்பந்த வருஷங்கள் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை. அதே மாத்திரை, அதே ஊசி, அதே நோயாளி. ஆனால் நான் 'வெளியாள்'. அப்படியானால் வெளியாளாகவே போட்டி போடலாமே என்றால், எட்டு மணி வரை ஓ.பி. பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை எடுத்து, அந்த எலும்பு டாக்டர் பையனைப் போன்றவர்களோடு போட்டி போட வேண்டும். மூன்று தடவை எழுதினேன். விடுங்கள்.

நிரந்தர வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைந்தது. 1,021 உதவி மருத்துவர் இடங்களுக்கு 2022 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தேர்வு 2023 ஏப்ரலில். பணி ஆணை கையில் கொடுத்தது 2024 பிப்ரவரியில். கொரோனாக் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஊக்க மதிப்பெண் கொடுத்தார்கள், அதையொட்டி வழக்கும் நடந்தது. அறிவிப்புக்கும் ஆணைக்கும் நடுவே ஒன்றே கால் வருஷத்துக்கு மேல். அந்த ஒன்றே கால் வருஷம் எங்கம்மா என்ன சாப்பிடுவாள்? காலியிடத்தை நிரப்பாமல் இழுக்க இழுக்க, இழுபடுகிற ஒவ்வொரு மாதமும் ஒப்பந்த வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிறது. தாமதம்தான் இங்கே கங்காணி.

வெளிநாட்டில் இல்லையா என்பார்கள். இருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி இடைக்கால வேலை பார்க்கிற டாக்டரை 'லோக்கம்' என்பார்கள். ஏஜென்சி வழியாக வருகிற லோக்கம் டாக்டர்களுக்கு அங்கே மணிக்கணக்கில் கொடுத்த கூலி நிரந்தர டாக்டரின் கூலியைவிட அதிகமாகிப்போய், கட்டுப்படியாகாமல், 2015 நவம்பரில் அரசு உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. வேலைக்கு உத்தரவாதம் இல்லை, விடுப்பு இல்லை, அதற்கு ஈடாகக் கூடுதல் கூலி என்பது அங்குள்ள பேரம். அங்கேயும் நம் நாட்டிலிருந்து போன டாக்டர்கள் லோக்கத்திலேயே மாட்டிக்கொண்டு மேலே ஏற முடியாமல் கிடக்கிற கதை உண்டு, சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் உத்தரவாதமும் கிடையாது, கூலியும் குறைவு என்கிற பேரத்தை இங்கேதான் பார்க்கிறேன். நிச்சயமில்லாத வாழ்க்கை சேரிக்காரனுக்குப் பழக்கம்தானே, அதற்குத் தனியாக எதற்குக் காசு என்று நினைத்தார்களோ என்னவோ.

இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். பாபாசாகேப் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதிலிருந்து இன்றுவரை நாம் பெற்றதெல்லாம் 'பணியிடத்தில்' ஒதுக்கீடு. பணியிடம் என்றால் அதற்குப் பதிவேடு உண்டு, இனச்சுழற்சி உண்டு, தகுதியான ஆள் வரவில்லை என்று ஒரு வருஷம் காலியாக விட்டால் பின்னடைவுக் காலியிடமாக அடுத்த வருஷத்துக்குச் சேரும். அந்த இடம் நமக்காகக் காத்துக்கிடக்கும். பதினோரு மாத வேலைக்கு இது எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அது புதிதாகப் பிறக்கிறது, பதினோரு மாதத்தில் செத்துப்போகிறது. அதற்கு நேற்று என்று ஒன்று கிடையாது. மாவட்டத்துக்கு மூன்று இடம், நாலு இடம் என்று பிய்த்துப் பிய்த்துப் போடும்போது 18 சதவீதம் என்பது அரை ஆள் கணக்கு. நான் பார்த்த அறிவிப்புகளில் வயது இருந்தது, தகுதி இருந்தது, சம்பளம் இருந்தது. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்பதைப் பெரும்பாலும் காணோம்.

நாற்பத்தைந்து நாளுக்கு மேல் நீடிக்கிற தற்காலிக நியமனங்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசின் ஆணை 1968 முதலே இருக்கிறது. 2018இலும் 2022இலும் அதை மறுபடி நினைவூட்டிச் சுற்றறிக்கை விட்டார்கள். நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே எப்படி நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். நம் மேடைகளில் நீதிபதி நியமனத்தில் ஒதுக்கீடு கேட்கிறோம், தனியார் துறையில் ஒதுக்கீடு கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் காலடியில் அரசு வேலையே பதினோரு மாதத் துண்டுகளாக வெட்டப்பட்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே தள்ளப்படுவதைப் பற்றி ஒரு தீர்மானம்கூட என் கண்ணில் படவில்லை.

இங்கே என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்லப்போகிறேன். 'ஒப்பந்த ஊழியர் அனைவரையும் பணி நிரந்தரம் செய்' என்ற கோஷத்தை நாம் யோசிக்காமல் போடக் கூடாது. எனக்கு லாபமான கோஷம்தான். ஆனால் இனச்சுழற்சி இல்லாமல், சிபாரிசில் வந்தவனையும் சேர்த்து மொத்தமாக நிரந்தரமாக்கினால், அந்த இடங்களில் நமக்கு வர வேண்டிய பங்கு முப்பது வருஷத்துக்கு அடைபட்டுப்போகும். கொல்லைப்புறமாக வந்தவர்களை நிரந்தரமாக்குவது வெளியே காத்திருப்பவர்களுக்குச் செய்கிற அநீதி என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு அந்தத் தீர்ப்பு விரோதி. காத்திருக்கிற வரிசையில் நாம் நிற்கிறோம் என்பதால் எனக்கு அதை முழுசாக வெறுக்க முடியவில்லை. அதே சமயம், அதைக் கேடயமாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தற்காலிகம் என்ற பெயரில் நிரந்தர வேலையை வாங்குவது தவறு என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னார்கள்.

ஆக, நாம் கேட்க வேண்டியது என்னவென்று என் புத்திக்குப் பட்டதைச் சொல்கிறேன். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் போகிற எந்த மருத்துவ ஒப்பந்தத்துக்கும் மாநில அளவில் ஒரே பதிவேடு, ஒரே இனச்சுழற்சி. அருந்ததியர் மூன்று சதவீதம் உட்பட. பார்த்த ஒப்பந்த வருஷத்துக்கு எம்.ஆர்.பி. தேர்வில் மதிப்பெண், மேற்படிப்பு ஒதுக்கீட்டில் பணிக்காலக் கணக்கு. கொரோனாவுக்குக் கொடுக்க முடிந்தது என்றால் சாதாரணக் காய்ச்சலுக்கும் கொடுக்கலாம். சம்பளத்தை அகவிலைப்படியோடு கட்ட வேண்டும். நிரந்தரம் அதற்குப் பிறகு, தேர்வு வழியாக, ஒதுக்கீடு வழியாக.

டாக்டர்கள் தனியாக இதைக் கேட்டால் நடக்காது. எனக்கு இது லேட்டாகத்தான் உறைத்தது. 2015இல் எம்.ஆர்.பி. தேர்வெழுதி வந்த செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் போட்டார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தபோது நான் மாணவன். ஹாஸ்டல் டி.வி.யில் பார்த்துவிட்டு, 'நர்ஸுங்க பிரச்சினை' என்று சாப்பிடப் போனேன். கொரோனாவுக்கு எடுத்த செவிலியர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் 1,820 பேர் அனுப்பப்பட்டு ஒன்பதே மாதம். அப்போதும் ரெண்டு கூட்டமும் ஒன்றாக நிற்கவில்லை. எங்கத்தை ஒரு அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. தனியார் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்து, பதின்மூன்றாம் தேதி நடுராத்திரியில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதைச் செல்போனில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏப்பா, அவுகளும் காண்டிராக்ட்டு, நீயும் காண்டிராக்ட்டுதான்? அப்ப நீ படிச்சது எதுக்கு?" வெள்ளைக் கோட்டு போட்டவனுக்கு இந்தக் கேள்வி எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

சரி, அந்தப் பொண்ணுக்கு வருகிறேன். மறுநாள் ராத்திரி அவள் வந்தாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. எவ்வளவு கடன் என்று கேட்டேன். அவளுடைய படிப்புக் கட்டணத்தை அரசு கட்டியது. ஆனால் ஐந்தரை வருஷம் புத்தகம், துணிமணி, போக்குவரத்து, வீட்டில் ஒரு சாவு, ஒரு ஆபரேஷன். மூன்று லட்சத்துக்கு மேல் வட்டிக்கு. வட்டி மட்டும் மாதம் ஒன்பதாயிரம். இந்த வீட்டில் போய் 'ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து படி' என்று சொல்ல அந்த சாருக்கு எளிது. எனக்கு வாய் வரவில்லை.

சேரு என்றேன். ஆனால் ஒரு ஒப்பந்தத்தோடு நிறுத்து என்றேன். முதல் பதினோரு மாதத்தில் கடனை முடி. வீட்டுக்கு டைல்ஸ் போடாதே, வண்டி வாங்காதே, தெருவில் யார் கேட்டாலும் 'இன்னும் வேலை நிரந்தரமாகல' என்று வெட்கப்படாமல் சொல்லு. எம்.ஆர்.பி. அறிவிப்பு எப்போது வந்தாலும் எழுது. ரெண்டாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற அன்றைக்குத்தான் உண்மையான நஷ்டம் ஆரம்பிக்கிறது. முதலாவதில் பழக்கம் வருகிறது, ரெண்டாவதில் பயம் வருகிறது, மூணாவதில் என்னைப் போலப் பெயர் போடாமல் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

அவளுடைய அம்மா, "அதுக்குள்ள ஒரு கல்யாணத்தையும் பண்ணீரலாம்னு..." என்று இழுத்தாள். அதையும் பேசினேன். டெல்லியில் கவிதா யாதவ் என்ற ஒப்பந்த டாக்டர் பிரசவ விடுப்புக் கேட்டபோது, ஒப்பந்தம் முடிய இருக்கிற பதினோரு நாளுக்கு மட்டும்தான் என்றார்கள். அவர் ஆறு வருஷம் வழக்கு நடத்தினார். 2023 ஆகஸ்ட் 17 அன்று, ஒப்பந்தம் முடிந்தாலும் பிரசவப் பயன் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்து வைத்துக்கொள் என்று சொன்னேன். "ஆறு வருசமா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

பொண்ணு ஒன்று கேட்டாள். "பதினோரு மாசத்துல கடன் தீரலேன்னா என்னண்ணே செய்ய?" பதில் சொல்லத் தெரியவில்லை. கடன் மூன்று லட்சம், வீட்டில் நாலு வயிறு, வட்டி ஒன்பதாயிரம். பேப்பரில் எழுதிப் பார்த்தோம். தீருகிற மாதிரியும் இருந்தது, தீராத மாதிரியும் இருந்தது.

இந்த இதழைப் படிக்கிற மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்து வருஷத்தில் ஒப்பந்த மருத்துவ அலுவலராக எத்தனை பேரை எடுத்தார்கள், இனச்சுழற்சி பின்பற்றப்பட்டதா, பிரிவுவாரியாக எத்தனை பேர், எத்தனை பேர் ஒன்றுக்கு மேல் புதுப்பிக்கப்பட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் கேட்க முடியாது, காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். பதில்களை இதழ் முகவரிக்கு அனுப்பினால் சேர்த்து வைத்துக் கணக்குப் போடலாம். ஊருக்கு ஒரு ஃபிளக்ஸ் கட்டுகிற காசு இதற்குப் போதும்.

திங்கட்கிழமை அவள் சேர்கிறாள். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ரெண்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம், காட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றும் சொல்லியிருக்கிறேன்.